வெளுத்துப் போன கொக்கைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி? டெல்டாவில் படம் எடுப்பவர்களுக்கு ஓர் எடிட்டிங் வழிகாட்டி

டெல்டாவில் பறவைப் படம் எடுக்கத் தொடங்கும் யாரிடமும் இப்படி ஒரு படம் இருக்கும். நடவு முடிந்து பச்சை பிடித்த வயல், அதன் நடுவே வெள்ளையாக ஒரு திட்டு. கொக்குதான். ஆனால் கழுத்து எங்கே வளைகிறது, இறக்கை எங்கே மடிகிறது என்று ஒன்றும் தெரியாது. நேரில் பார்த்தபோது இறகு இறகாகத் தெரிந்த பறவை, படத்தில் சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி நிற்கும்.

கேமராவில் கோளாறு ஒன்றும் இல்லை. அதன் மீட்டர், ஃப்ரேமுக்குள் வரும் வெளிச்சத்தைச் சராசரி பார்த்து, அதை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவர முயலும். ஃப்ரேமில் முக்கால்வாசி கரும்பச்சைப் பயிரும் சேற்றுத் தண்ணீரும் என்றால், இருட்டாக இருக்கிறது என்று கணக்குப் போட்டு மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கிவிடும். அதில் முதலில் அடிபடுவது கொக்கின் முதுகு. வடுவூர் ஏரியில் வெள்ளை அரிவாள் மூக்கன்கள் கூட்டமாக எழும்பி ஃப்ரேமை நிறைத்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும். எல்லாப் பறவையும் அழுக்கு வெள்ளையாக வரும்.

இந்தக் கட்டுரையில் சொல்லும் எடிட்டிங் ஒரே ஒரு வேலைக்குத்தான். உங்கள் கண் பார்த்து, கேமரா தவறவிட்டதைத் திரும்பக் கொண்டுவருவது. அங்கே இல்லாத ஒன்றைச் சேர்ப்பது காட்டுயிர்ப் படத்துக்கு ஆகாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இது திரும்ப வரும்.

என்ன வேண்டும்

போனில் ஸ்னாப்சீட் என்ற எடிட்டிங் ஆப் போதும். இலவசம், விளம்பரமும் கிடையாது. லைட்ரூமின் மொபைல் ஆப்பிலும் அடிப்படை வசதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன; சில கருவிகளுக்கு மட்டும் சந்தா கட்ட வேண்டும். கணினி இருந்தால் டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் முழுக்க இலவசம். இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு அதிலேயே பழகுங்கள். ஸ்லைடர்களின் பெயர் ஆப்புக்கு ஆப் கொஞ்சம் மாறுமே தவிர, வேலை ஒன்றுதான்.

கேமராவில் ராவாக, அதாவது சென்சார் பதிந்த தகவலை அமுக்கிச் சுருக்காத கோப்பாக, எடுக்க முடிந்தால் அப்படியே எடுங்கள். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான் உண்டு. 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். கொக்கின் முதுகில் வெள்ளைக்கும் அதைவிட ஒரு துளி மங்கலான வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம் இந்தப் படிகளில்தான் ஒளிந்திருக்கிறது. இடப் பற்றாக்குறை என்றால் ரா, ஜேபெக் இரண்டும் சேர்ந்து பதியும்படி வைத்துவிட்டு, நல்ல படங்களின் ரா கோப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாம். இப்போது பல போன்களில் புரோ மோடுக்குப் போனால் ரா கிடைக்கிறது. உங்கள் போனில் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

உட்காரும் முன் போனில் கண் பாதுகாப்பு மோடை அணைத்துவிடுங்கள். திரை மஞ்சளாக இருக்கும்போது நிறம் திருத்தினால் படம் நீலமாகப் போய்விடும். வெயிலில், வரப்பில் நின்றுகொண்டு எடிட் செய்ய வேண்டாம். வீட்டுக்குள், திரை வெளிச்சத்தைப் பாதியில் வைத்துச் செய்யுங்கள்.

முதலில் கழித்துக்கட்டுங்கள்

ஒரு நத்தைகொத்தி நாரை இறங்குவதைத் தொடர்ந்து எடுத்தால் ஒரே நொடியில் பத்துப் பதினைந்து படம் விழுந்துவிடும். எல்லாவற்றையும் திருத்த உட்கார்ந்தால் அலுத்துப் போகும். ஒவ்வொன்றையும் முழு அளவுக்குப் பெரிதாக்கி, கண்ணை மட்டும் பாருங்கள். கண் கூர்மையாக இல்லை என்றால் அடுத்த படத்துக்குப் போய்விடலாம். ஃபோகஸ் தப்பிய கண்ணை எந்த ஸ்லைடரும் திருப்பித் தராது. கண் சரியாக உள்ளவற்றில், இறக்கையும் காலும் நன்றாக அமைந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு நகல் போட்டு, மூலக் கோப்பைத் தனி ஃபோல்டரில் பத்திரப்படுத்துங்கள். ஃபோல்டர் பெயரில் ஊரும் தேதியும் இருந்தால் பிற்பாடு தேட வசதி.

நிமிர்த்துவதும் வெட்டுவதும்

ஏரியில் எடுத்த படத்தில் தண்ணீர் சாய்ந்திருந்தால் பறவை எவ்வளவு அழகாக இருந்தாலும் கண் உறுத்தும். ஆனால் எதை வைத்து நிமிர்த்துவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஏரிக்கரையின் கோட்டை நம்ப வேண்டாம். கரை வளைந்து போகும், பார்க்கும் கோணத்தில் சாய்வாகத் தெரியும். அசையாத தண்ணீரில் பறவையின் பிம்பம் இருந்தால் அதுதான் நல்ல அளவுகோல். பறவையின் கண்ணும், தண்ணீரில் தெரியும் கண்ணும் ஒரே செங்குத்துக் கோட்டில் வர வேண்டும். அப்படி வரும்வரை திருப்புங்கள்.

அடுத்து க்ராப். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000க்கு 4000 பிக்சல். நீளத்தையும் அகலத்தையும் பாதியாக வெட்டினால் 3000க்கு 2000, அதாவது 6 மெகாபிக்சல்தான் மிஞ்சும். போனில் பார்க்க அது தாராளம். பெரிய பிரிண்டுக்குப் போதாது. இன்னும் பாதியாக வெட்டினால் ஒன்றரை மெகாபிக்சல். அப்போது இறகுக்குப் பதிலாகப் புள்ளிகள்தான் தெரியும்.

பறவை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கூடுதல் இடம் விடுங்கள். காலை வெட்டாதீர்கள். பயிருக்குள் கால் மறைந்திருந்தால், கால் இருக்கும் அளவுக்குக் கீழே பயிரை விட்டு வையுங்கள். பிம்பத்தைப் பாதியில் வெட்டுவதைவிட முழுதாக வைப்பதோ முழுதாக விடுவதோ மேல்.

கோடியக்கரைக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே பூநாரைகள் பெரும்பாலும் எட்டாத தூரத்தில், ஆழமில்லாத உப்புத் தண்ணீரில் நிற்கும். அதில் ஒரு பறவையை மட்டும் வெட்டி எடுக்கப் பார்த்தால் ஏமாற்றம்தான். வெட்டாமல் அகலமாகவே விடுங்கள். மேலேயும் கீழேயும் கொஞ்சம் குறைத்து நீளவாக்கில் வைத்தால், வானம், தண்ணீர், நடுவில் கோடு போட்டாற்போல் பூநாரை வரிசை. அந்த இடத்தின் அகலம் படத்தில் வந்துவிடும். என் கண்ணுக்கு, மங்கலான ஒற்றைப் பறவையைவிட இது பல மடங்கு நல்ல படம்.

வெள்ளையைக் காப்பாற்றுவது

இனிதான் முக்கியமான வேலை. ஆப்பில் ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தில் எந்த அளவு வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தை, திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இடது ஓரம் கருப்பு, வலது ஓரம் வெள்ளை. வயலில் கொக்கு உள்ள படத்தில் இடப்பக்கம் ஒரு பெரிய மேடு இருக்கும், அது பயிர். வலது ஓரத்தில் மெல்லிசாக ஒரு குச்சி நிற்கும், அதுதான் கொக்கு. அந்தக் குச்சி வலது சுவரில் ஒட்டி ஏறி நின்றால், அங்கே வெள்ளை முழுக்க நிறைந்து விவரம் போய்விட்டது என்று பொருள்.

மொத்த வெளிச்சத்தை மாற்றும் எக்ஸ்போஷரை 0.5 அளவு குறையுங்கள். பிறகு வெளிச்சமான பகுதிகளை மட்டும் மாற்றும் ஹைலைட்ஸை மெதுவாக இடப்பக்கம் தள்ளுங்கள். 40, 50, 60 என்று போகும்போது கொக்கின் முதுகையே பார்த்துக்கொண்டிருங்கள். முதலில் இறக்கையின் விளிம்பு தெரியும். அடுத்து முதுகில் தொங்கும் நூல் போன்ற இறகுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும். கழுத்து மடிப்பின் நிழல் தெரியத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் தள்ளினால் வெள்ளை சாம்பலாகி, வெயிலில் நின்ற பறவை மேக மூட்டத்தில் நின்றதுபோல் ஆகிவிடும். ஆப்பில் எண் காட்டும் வசதி இருந்தால், மிக வெளிச்சமான இறகு 255க்கு 240, 245 அளவில் நிற்பது நல்லது. வெள்ளை வெள்ளையாகவும் இருக்கும், விவரமும் தெரியும்.

ராவாக எடுத்திருந்தால் ஓரளவு வெளுத்த முதுகைக்கூட இப்படி மீட்டுவிடலாம். ஜேபெக்கில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுமே 255ஐத் தொட்டுவிட்டால் அங்கே தகவல் எதுவும் மிச்சமில்லை. ஹைலைட்ஸை இழுத்தால் வெறும் சாம்பல் திட்டுதான் வரும். சில ஆப்கள் அந்த இடத்தில் இறகு மாதிரி ஏதோ வரைந்து கொடுக்கும். அதை ஏற்காதீர்கள். அது அந்தக் கொக்கின் இறகு இல்லை.

வெள்ளையை இறக்கியதும் வயல் இருண்டுவிட்டதா? அப்படியென்றால் பறவையை மட்டும் தனியாகத் திருத்த வேண்டும். ஸ்னாப்சீட்டில் செலக்டிவ் கருவியை எடுத்து, கொக்கின் முதுகில் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு விரலால் வட்டத்தைப் பறவையின் அளவுக்குச் சுருக்குங்கள். பிரைட்னஸை மட்டும் குறையுங்கள். வட்டத்துக்குள் பயிரும் கொஞ்சம் வரும், கவலை வேண்டாம். புள்ளி வைத்த இடத்தின் நிறத்தை ஒத்த பகுதிதான் அதிகம் மாறும். லைட்ரூமிலும் டார்க்டேபிளிலும் இதையே மாஸ்க் போட்டு, அதாவது ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, செய்யலாம். ஸ்னாப்சீட்டில் ஆம்பியன்ஸ் என்றொரு ஸ்லைடர் இருக்கிறது. படம் சட்டென்று பளிச்சென்று ஆவதால் புதியவர்கள் அதை முழுக்க ஏற்றிவிடுகிறார்கள். வெள்ளைப் பறவையைச் சுற்றி ஒளிவட்டம் மாதிரி ஒரு விளிம்பு வருவது பல நேரம் அதனால்தான். கொஞ்சமாகத் தொடுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

எடுக்கும்போதே பாதி வேலையை முடிக்கவும் வழி உண்டு. வயலில் வெள்ளைப் பறவை என்றால், கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 0.7 அல்லது மைனஸ் 1ல் வைத்து எடுங்கள். படம் இருட்டாகத் தெரியும். பரவாயில்லை, இருண்ட பயிரைப் பிறகு எடிட்டிங்கில் வெளிச்சமாக்கிவிடலாம். முழுக்க வெளுத்து எரிந்துபோன முதுகைத்தான் மீட்க முடியாது.

உழவு ஓட்டும் டிராக்டருக்குப் பின்னால் வரும் கொக்குகளின் மார்பில் சேறு தெறித்திருக்கும். அதைத் துடைக்க வேண்டாம். புழுவும் தவளையும் தேடி அந்தப் பறவை அங்கே வந்ததற்கு அந்தச் சேறுதான் சாட்சி.

கருப்பில் எவ்வளவு வெளிச்சம்

வெள்ளைக்குச் சொன்னதைத் திருப்பிப் போட்டால் கருப்புக்கு வரும். நீர்க்காகம், கரிச்சான், கோடியக்கரையின் ஆண் வெளிமான் ஆகியவற்றுக்கு, இருண்ட பகுதிகளை மட்டும் மாற்றும் ஷேடோஸை ஏற்ற வேண்டும். வளர்ந்த ஆண் வெளிமானின் மேலுடல் கருமை, வயிறு வெள்ளை; கண்ணைச் சுற்றியும் வெள்ளை வளையம் உண்டு. ஷேடோஸை 20, 30 ஏற்றினால் கருமைக்குள் கண் தெரிய ஆரம்பிக்கும். கண் தெரிந்ததும் நிறுத்துங்கள். மானின் உடல் பழுப்புச் சாம்பலாகும்வரை ஏற்றினால், அது வளர்ந்த ஆணா இளசா என்று பார்ப்பவர் குழம்புவார். நிழலில் நாய்ஸும், அதாவது மணல் மணலான புள்ளிகளும், கிளம்பும்.

மடையானைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வரப்பில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் மண்ணோடு மண்ணாகக் கலந்துவிடும் பறவை அது. பலர் கான்ட்ராஸ்ட்டை ஏற்றி அதைத் துருத்திக்கொண்டு நிற்கவைக்கிறார்கள். அது ஒளிந்திருப்பதுதான் அந்தப் படத்தின் விஷயம். கண்ணில் மட்டும் ஒரு துளி வெளிச்சம் கூட்டிவிட்டு மற்றதை அப்படியே விடுங்கள்.

நிறம்

வைட் பேலன்ஸ் கருவியில் ஒரு பிக்கர் இருக்கும். படத்தில் வெள்ளையான ஓர் இடத்தைத் தொட்டால், அதை வைத்து மொத்த நிறத்தையும் சரிசெய்துவிடும். கொக்குதான் வெள்ளையாக இருக்கிறதே என்று வயிற்றுப் பக்கம் தொட்டுவிடாதீர்கள். இளம்பயிரின் பச்சை கீழிருந்து எதிரொளித்து, வயிற்றிலும் தொடையிலும் லேசான பச்சை ஏறியிருக்கும். அந்த இடத்தைத் தொட்டால் ஆப் அந்தப் பச்சையைக் கழிக்கப் பார்த்து, மொத்த வயலையும் ஊதா கலந்த நிறத்துக்குத் தள்ளிவிடும். நேர் வெளிச்சம் விழும் முதுகையோ கழுத்தின் மேற்பக்கத்தையோ தொடுங்கள். எரியாத இடமாகவும் இருக்க வேண்டும்.

காலை, மாலைப் படங்களில் பிக்கரே வேண்டாம். ஆறு மணி வெயிலில் கொக்கு பொன்னிறமாகத்தான் இருந்தது. அதைத் தூய வெள்ளையாக்கினால் நேரமே தொலைந்துவிடும்.

பயிரின் பச்சை கண்ணைக் குத்துகிறது என்றால் மொத்த சாச்சுரேஷனை, அதாவது நிற அடர்த்தியை, குறைக்க வேண்டியதில்லை. நிறங்களைத் தனித்தனியாகத் திருத்தும் பகுதிக்குப் போய்ப் பச்சையைக் குறைத்துப் பாருங்கள். பெரிதாக ஒன்றும் மாறாது. மஞ்சளைக் குறையுங்கள், வயல் சட்டென்று அடங்கும். நாம் பச்சை என்று நினைக்கும் இளம்பயிரில் பெரும்பகுதி ஆப்பின் கணக்கில் மஞ்சள். ஆனால் இங்கேயும் ஒரு கண் வேண்டும். சின்னக் கொக்கின் அலகு கருப்பு, கால் விரல்கள் மஞ்சள். மஞ்சளை மொத்தமாக இறக்கினால் அந்த விரல்களும் வெளிறும், பறவையை அடையாளம் காணும் குறி போய்விடும்.

நீல நிறப் பறவைகளில் எதிர்ப்பக்கத் தவறு நடக்கிறது. வெண்மார்பு மீன்கொத்தியின் முதுகும் பனங்காடையின் இறக்கையும் ஏற்கெனவே அடர்த்தி. சாச்சுரேஷனை ஏற்றினால் நீலம் நிறைந்து வழிந்து, இறகு வரிகள் அழிந்து ஒரே பூச்சாகிவிடும். நிறம் குறைந்த பகுதிகளை மட்டும் அதிகம் தொடும் வைப்ரன்ஸை 10 வைத்தால் போதும். பூநாரையும் அப்படியே. பெரிய பூநாரை தூரத்தில் கிட்டத்தட்ட வெள்ளைதான், இறக்கை விரித்தால்தான் சிவப்பு தெரியும். இளம் பறவைகள் சாம்பலாகவே இருக்கும். எல்லாவற்றையும் ரோஜா நிறத்துக்குக் கொண்டுவருவது அந்தக் கூட்டத்தில் இளசு எது, வளர்ந்தது எது என்ற தகவலை அழிக்கிற வேலை. பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்குப் படம் இணைப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள். உங்கள் படத்தை வைத்து ஒருவர் இனத்தை உறுதி செய்யப் பார்ப்பார்.

நாய்ஸ், கூர்மை, புகைமூட்டம்

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் விடியற்காலைப் படகில் போனால், மங்கல் வெளிச்சத்துக்காகக் கேமரா ஏற்றும் ஐஎஸ்ஓ அளவு 3200ஐ எளிதில் தாண்டும். படம் மணல் மணலாக வரும். நாய்ஸைக் குறைக்கும் ஸ்லைடரை ஏற்றினால் இறகும் சேர்ந்து வழவழப்பாகிவிடும். மாஸ்க் போட்டுப் பின்னணிக்கு மட்டும் நன்றாகக் குறையுங்கள், பறவை மேல் கொஞ்சமாக. உடம்பில் கொஞ்சம் மணல் இருந்தால் இருக்கட்டும்.

ஷார்ப்பனிங் எப்போதும் கடைசியில். தலை, கண், அலகு இவற்றுக்கு மட்டும். வானப் பின்னணியில் நிற்கும் நீர்க்காகத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதிகமாகிவிட்டது, பாதியாகக் குறையுங்கள்.

கோடியக்கரையில் நடுப்பகலில் எடுத்த படம் கலங்கலாக இருந்தால் டீஹேஸ் கருவி மூட்டத்தைக் கொஞ்சம் விலக்கும். ஆனால் சூடான தரையிலிருந்து எழும் காற்று அலை பறவையின் உருவத்தையே நெளித்துவிட்டிருந்தால் எந்தக் கருவியாலும் முடியாது. அதற்கு மருந்து, வெயில் ஏறும் முன் போவதுதான்.

எதை நீக்கலாம்

லென்ஸிலோ சென்சாரிலோ ஒட்டிய தூசி வானத்தில் புள்ளியாக விழுந்திருந்தால் ஹீலிங் கருவியால் எடுத்துவிடுங்கள். அது அந்த இடத்தில் இருந்ததில்லை. பனங்காடை உட்கார்ந்திருக்கும் மின்கம்பியை எடுக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். நான் எடுக்க மாட்டேன். டெல்டாவில் பனங்காடையைத் தேடுபவர்கள் முதலில் பார்ப்பதே கம்பியைத்தான். குறுக்கே வந்த ஒரு புல்லைச் சுவரில் மாட்டும் படத்துக்காக நீக்கினால், அதை வெளியிடும்போது நீக்கியதைச் சொல்லிவிடுங்கள். போட்டிக்கு அனுப்புவதானால் அதுவும் கூடாது. லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் நடத்தும் காட்டுயிர்ப் படப் போட்டியில் அடுத்த சுற்றுக்குத் தேர்வானவர்களிடம் ரா கோப்பைக் கேட்டு வாங்கி ஒப்பிடுகிறார்கள். மூலக் கோப்பைப் பத்திரப்படுத்தச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சேமிப்பதும் அனுப்புவதும்

உடனே அனுப்பாதீர்கள். ஓர் இரவு விட்டு மறுநாள் காலையில் திறந்து பாருங்கள். நேற்று சரியாகத் தெரிந்த பச்சை இன்று அதிகமாகத் தெரியும். மூலப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, தேவையானதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்துக்கு நீளப் பக்கம் 2048 பிக்சல், எஸ்ஆர்ஜிபி நிறவெளி, தரம் 85 என்று சேமித்தால் போதும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அமுக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். கூடு, குஞ்சு உள்ள படம் என்றால் ஏற்றுமதி செய்யும்போது இருப்பிடத் தகவலை நீக்கும் வசதியைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். போன் படத்துக்குள் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கலாம். அதை வைத்து யாரும் நேராக அந்த மரத்தடிக்கே வந்துவிட முடியும்.

பிரிண்ட் போடுவதாக இருந்தால் 8க்கு 12 அங்குலத்துக்கு, அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் 2400க்கு 3600 பிக்சல் வேண்டும். தாளுக்குத் திரை மாதிரி சொந்த வெளிச்சம் கிடையாது, அதனால் படம் திரையில் பார்ப்பதைவிட இருட்டாகவே வரும். பிரிண்டுக்கென்று ஒரு நகல் போட்டு, நிழல் பகுதியைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள். கொக்கின் வெள்ளையைத் தொட வேண்டாம். ஸ்டூடியோவில் அவர்களாக வெளிச்சமோ நிறமோ கூட்டாமல் அப்படியே போடச் சொல்லுங்கள். பலர் வழக்கமாகக் கொஞ்சம் பளிச்சென்று ஆக்கித்தான் தருவார்கள், நீங்கள் மீட்ட முதுகு அதில் மறுபடி வெளுத்துப் போகும். முதலில் 4க்கு 6ல் ஒன்று போட்டுப் பார்த்துவிட்டு, முதுகில் இறகு தெரிந்தால் பெரிய அளவுக்குக் கொடுங்கள்.